முந்நூற்றுப் பன்னிரண்டு தனிவரிகள்

முந்நூற்றுப் பன்னிரண்டு மனுக்களையும் படித்து முடித்த கதையாய்வி, இவை அத்தனையும் ஒரே ஆள் சொன்ன கதை என்று அறிவித்தது.

விசாரணை மன்றத்தில் சலசலப்பு எழுந்தது. கடற்சுவர் நிர்வாகத்தின் வழக்கறிஞர் பத்ரிநாத் எழுந்து நின்றார். "அபாயச் சங்கு ஊதவே இல்லை என்று எல்லாருமே ஒரே வாக்கியத்தை, மனுவின் ஒரே இடத்தில் எழுதியிருக்கிறார்கள். உட்கார்ந்து ஜோடித்த கதை இது. நான்கு பத்துக்குச் சங்கு ஊதத் தொடங்கியது எங்கள் பதிவேட்டில் தெளிவாக இருக்கிறது."

புன்னைத்துறையின் கடற்சுவர் ஒரு வியாழக்கிழமை மாலை நாலு இருபத்திரண்டுக்கு உடைந்தது. நாற்பத்தொரு பேர் கடலோடு போனார்கள். பன்னிரண்டு நிமிடம் சங்கு ஊதியும் வெளியேறாமல் இருந்தார்கள் என்றால் தப்பு ஊர்க்காரர்கள் தலையில் விடியும். ஊதவில்லை என்றால் விஷயம் வேறு. அதே சங்கை நம்பி இன்னும் முப்பது கடலோர ஊர்கள் இருந்தன.

மன்றத் தலைவர் சுலோச்சனா, கதை ஆய்வாளர் நிறைமதியைப் பார்த்தார். "பத்து நாள் தருகிறேன்."

கதையாய்வி பொய்யைப் பிடிக்கும் கருவி அல்ல. அதை முதலில் பயன்படுத்தியவர்கள் வரலாற்று ஆசிரியர்கள்தான். தோட்டத் தொழிலாளர்கள் சொல்லச் சொல்ல யாரோ குமாஸ்தா எழுதிய பழைய கடிதங்களில், குமாஸ்தாவின் நடையைத் தனியே பிரித்து வைத்துவிட்டுத் தொழிலாளியின் பேச்சை அது மீட்டுக் கொடுத்தது. ஒருவர் எங்கே 'நான்' என்கிறார், எங்கே 'நாங்க' என்று கூட்டத்துக்குள் நுழைந்துகொள்கிறார், எந்த இடத்தைத் தாவிப் போகிறார் என்பதையெல்லாம் கணக்கில் எடுக்கும். பஞ்சமோ கலவரமோ வெள்ளமோ, அது படிக்காமல் இப்போது எந்த விசாரணையும் நடப்பதில்லை. நிறைமதி பன்னிரண்டு வருடமாக அதனோடு வேலை செய்கிறாள். ஆனால் அது இப்படி ஒரேயடியாகக் கைவிரித்து அவள் பார்த்ததில்லை.

அந்த ஒரே ஆளைத் தேடிப் பிடிப்பது கஷ்டமாக இல்லை. ஆட்சியர் அலுவலக வாசலில், வேப்பமரத்துக்குக் கீழே மேசை போட்டு மனு எழுதிக்கொண்டிருந்தார் பீர் மைதீன். நாற்பது வயது இருக்கும்.

"ஆமா மேடம், எல்லாம் நான் எழுதுனதுதான். அதுல என்ன ஒளிவு மறைவு?"

"ஏன் பாய் எல்லாமே ஒண்ணுபோல இருக்கு?"

அவர் பேனாவை மூடி வைத்தார். "மொத நாப்பது மனுவ அவங்கவங்க சொன்ன மாதிரியேதான் எழுதுனேன். நாப்பதும் திரும்பி வந்துட்டு. சம்பவம் தெளிவா இல்ல, நேரம் சரியா இல்லன்னு. ஒரு அம்மா ஏழுவாட்டி அலைஞ்சாங்க. மகன் போயிட்டான் அவங்களுக்கு. பொறவு எது திரும்பி வராதுன்னு பாத்து ஒரு நடைய உண்டாக்குனேன். அந்த நாப்பதையும் அப்படியே மாத்தி எழுதிட்டேன். அதுக்கப்புறம் ஒண்ணுகூடத் திரும்பல."

"அப்போ அவங்க சொன்னதெல்லாம்?"

"போச்சு." மூடிய பேனாவை மறுபடி கையில் எடுத்தார். "முழுசாப் போகல. ஒவ்வொருத்தரும் ஒரு விஷயத்துல பிடிவாதமா நிப்பாங்க மேடம். 'இத எழுதுனாத்தான் கையெழுத்துப் போடுவேன்'னு உக்காந்துருவாங்க. வழக்குக்கும் அதுக்கும் சம்பந்தமே இருக்காது. சரின்னு கடேசில ஒரு வரி சேத்துருவேன். அதை மட்டும் நான் திருத்துனதில்ல."

நிறைமதி அன்றே ஊர் திரும்பினாள். பீர் மைதீன் வேறு வழக்குகளுக்கு எழுதிய நூறு மனுக்களைக் கதையாய்விக்குப் படிக்கக் கொடுத்து, அவருடைய நடையைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் காட்டச் சொன்னாள். முந்நூற்றுப் பன்னிரண்டு மனுக்களும் உதிர்ந்து முந்நூற்றுப் பன்னிரண்டு வரிகள் திரையில் நின்றன. அவற்றில் ஒன்றுபோல் இன்னொன்று இல்லை.

படித்ததும் அவளுக்குச் சோர்வுதான் வந்தது. செத்துப்போன ஆட்டின் பெயர். புதுப் பாவாடையின் நிறம். யாரிடமோ கேட்க மறந்த மன்னிப்பு. சங்கைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மூன்று நாள் அவற்றைத் திரும்பத் திரும்பப் படித்தாள். நான்காம் நாள், சுவர் உடைவதற்கு முந்தைய நிமிடங்களைப் பேசும் வரிகளை மட்டும் பிரித்து எடுத்தாள். இருபத்தேழு தேறின.

தையற்காரர் செல்லப்பாவின் வரி: 'பாபின் கை தவறி விழுந்து உருண்டுச்சு, சத்தத்த வச்சே பீரோவுக்கு அடியிலன்னு கண்டுபிடிச்சேன்.' பரோட்டாக் கடை ஜெபமணியின் வரி: 'பின்கட்டுல பூனை பால நக்குத சத்தம் கேட்டு வெரட்டப் போனேன், அதான் பொழச்சேன்.' ராசாத்தி என்ற இளம் தாயின் வரி: 'பிள்ளைக்கு மூச்சு சீரா வர ஆரம்பிச்சிட்டு, நல்லாத் தூங்கிட்டான்னு நெனச்சு தண்ணி பிடிக்க வெளிய போனேன்.'

நிறைமதி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

மறுநாள், அதே வகைச் சங்கு இருக்கும் பக்கத்து ஊருக்குப் போய், அனுமதி வாங்கி, பகலில் ஊதச் சொன்னாள். மூன்று தெரு தள்ளி நின்றாள். சங்கு ஊதியபோது நெஞ்செலும்பு அதிர்ந்தது. கூட வந்த உதவியாளர் காதருகே வாய் வைத்துக் கத்தியது கேட்கவில்லை. ஒரு வீட்டுக்குள்ளிருந்து தூக்கம் கலைந்த குழந்தை ஒன்றைத் தூக்கிக்கொண்டு அதன் தகப்பன் ஓடி வந்து, என்ன ஆச்சு என்று சைகையில் கேட்டான். அவள் அவனிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

பத்தாம் நாள் மன்றத்தில் இருபத்தேழு வரிகளையும் ஒவ்வொன்றாக வாசித்தாள். ராசாத்தியின் வரி வந்தபோது மன்றத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

பத்ரிநாத் விடவில்லை. "இதில் யாராவது சங்கு ஊதவில்லை என்று சொல்கிறார்களா?"

"இல்லை," என்றாள் நிறைமதி. "சங்கை இவர்கள் நினைக்கவே இல்லை. அதனால்தான் நம்புகிறேன். வழக்குக்காகச் சொன்ன வரிகள் இல்லை இவை. இழந்தவர்களுக்காகச் சொன்னவை. நெஞ்செலும்பு அதிரும் சத்தத்தில் பூனை நக்குவது எப்படிக் கேட்கும்? பிள்ளை எப்படித் தூங்கும்?"

நிர்வாகத்தின் பதிவேட்டை மன்றம் மீண்டும் திறந்து பார்க்கச் சொன்னது. சங்குக்கு ஆணை போன நேரம்தான் அதில் பதிவாகியிருந்தது, சத்தம் வந்த நேரம் இல்லை. ஆணையைச் சங்குக்குக் கொண்டுபோகும் கம்பியை உப்புக்காற்று எப்போதோ தின்றிருந்தது. மற்ற முப்பது ஊர்களிலும் சோதித்தார்கள். பதினோரு சங்குகள் ஊமை. தீர்ப்பு வந்த அன்று பீர் மைதீன் தொலைபேசியில் கூப்பிட்டார். "மேடம், ராசாத்தி இங்க நிக்கா. ஒண்ணும் பேச மாட்டேங்கா. சும்மா லைன்ல இருக்கணுமாம்." இருவரும் நெடுநேரம் பேசாமல் லைனில் இருந்தார்கள்.

நிறைமதியின் முறை நாடெங்கும் பாராட்டப்பட்டது. அவளே எதிர்பாராத ஒரு மரியாதையையும் அரசு செய்தது: இனி எல்லா மனுப்படிவத்திலும் பதினான்காம் கட்டம் ஒன்று இருக்கும், 'தனிவரி: தங்களுக்கு மட்டுமே உரிய ஒரு வரியை இங்கே எழுதவும்.' கதையாய்வி அதை உடனே சரிபார்க்கும். தனிவரி இல்லாத மனு ஏற்கப்படாது.

ஐந்து வருடம் கழித்து நிறைமதியின் அம்மா, மருத்துவமனைக்குப் போகும் வழியில், தானியங்கி ஊர்தி பாலத்தின் நடுவே நின்றுபோனதால் இறந்தார். நிறைமதி மனு எழுத உட்கார்ந்தாள். பதின்மூன்று கட்டங்களை நிரப்ப அரைமணி நேரம் ஆனது. பதினான்காவதில் எழுதி எழுதி அடித்தாள். ஒவ்வொரு வரியையும் கதையாய்வி எப்படிப் படிக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வித்தியாசமாக இருக்கட்டும் என்று எழுதிய ஒன்றைப் படித்துப் பார்த்து வெட்கப்பட்டாள். அப்படி ஒன்று நடக்கவே இல்லை. கடைசியில், நடந்ததை எழுதினாள்: 'அம்மாவின் செருப்பை வாசலிலிருந்து எடுத்து வைக்க மனம் வரவில்லை.'

கவுண்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "மேடம், இது பொதுவரின்னு வருது. இதே வரிய ஏற்கெனவே நாலாயிரத்துப் பதினாறு பேர் எழுதியிருக்காங்க. வேற ஏதாவது மாத்திக் குடுங்க."

நாலாயிரத்துப் பதினாறு வாசல்கள். அத்தனை பேரிடமும் இதே பெண்ணோ இவளைப் போல ஒருத்தியோ, மாற்றித் தாருங்கள் என்று சொல்லியிருப்பாள். அவர்களும் வீட்டுக்குப் போய், நடக்காத ஒன்றை யோசித்து எழுதிக்கொண்டு வந்திருப்பார்கள். அப்போதுதான் நிறைமதிக்கு, சங்கு ஊதவே இல்லை என்ற அந்த இன்னொரு வாக்கியம் நினைவுக்கு வந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் ஒன்றுபோல எழுதிய, ஒன்றுபோல இருந்ததாலேயே யாரும் நம்பாத, அவளும் கழித்து ஒதுக்கிவைத்த வாக்கியம். அதுவும் முழு உண்மையாகத்தான் இருந்தது.

"மாத்தலியா மேடம்? பின்னால ஆள் நிக்காங்க."

"இல்லம்மா," என்றாள் நிறைமதி, மனுவை மறுபடி உள்ளே தள்ளி. "எனக்கும் அதுதான் நடந்துச்சு."