நான்காம் பள்ளியின் மதிப்பெண்கள்

அட்ரியானா சென்ற ஆண்டு வெளியான ஆய்வறிக்கையை மெல்கியானுஸின் மேசைமேல் வைத்தார். திமோர்த் தீவின் குப்பாங் நகரில் கல்விக் கொள்கை வகுக்கும் குழுவில் இருப்பவர் அட்ரியானா.

"தாய்மொழியில வாசிக்கச் சொல்லிக்கொடுத்ததுல பலன் உறுதியில்லையாம். திங்கக்கிழமை உத்தரவு கையெழுத்தாச்சுன்னா மலைப் பள்ளிக்கூடம் எல்லாத்துலயும் நிறுத்திடுவாங்க. ஆனா நான் போன இடத்துலல்லாம் பிள்ளைங்க மளமளன்னு வாசிக்குதுங்கண்ணே!"

ஆய்வுகளைச் சரிபார்ப்பது மெல்கியானுஸின் தொழில். அவர் உதவியாளர் யுஸ்தினா எந்தப் புதிருக்கும் விடை சொல்ல முந்திக்கொள்பவள். அன்றோ மதிப்பெண் பட்டியல்களைப் பிரித்து, ஒன்றை மட்டும் அடியில் வைத்தாள்.

"நாலு பள்ளி. மூணுல நல்ல முன்னேற்றம்," என்றார் மெல்கியானுஸ். "நாலாவதுல ஒண்ணுமில்ல. பாதிப் பிள்ளைங்க அங்கதான், அதான் மொத்தத்தையும் கீழ இழுத்திருக்கு. யுஸ்தி, அங்க தேர்வு என்னைக்கு?"

"ஏப்ரல் பதினஞ்சு."

"வந்தவங்க?"

"அறுபது பேரும்."

"மழைக்காலத்துல ஒருத்தருக்குக்கூட காய்ச்சல் வரலையா? கெட்டிக்காரப் பிள்ளைங்கதான்!" என்றார் மெல்கியானுஸ். அட்ரியானா சிரித்தார். யுஸ்தினாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

மெல்கியானுஸ் அந்த நான்காம் பள்ளியின் வருகைப் பதிவேட்டைத் தருவித்தார். மறுநாள் இருவரையும் உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார்:

"அந்த வருஷம் ஏப்ரல் பதினஞ்சு பெரிய வெள்ளி. திமோர்ல அன்னைக்கு எந்தப் பள்ளிக்கூடம் திறக்கும்? ரெண்டாவது, மரியான்னு ஒரு பிள்ளை ஜனவரியிலயே வேற ஊருக்குப் போயிருச்சு. ஆனா ஏப்ரல்ல ஏழு மார்க். முந்தின வருஷமும் ஏழு. அறுபது பேருக்கும் அப்படித்தான். யாரும் தேர்வு வைக்கல. பழைய மார்க்கைப் பார்த்து எழுதியிருக்காங்க. எழுதினவங்க பேர் இல்ல, பணியாளர் எண் மட்டும்தான்..."

"நான்தான்," என்றாள் யுஸ்தினா. "உங்ககிட்ட சேர்றதுக்கு முன்னாடி அந்த ஆய்வுலதான் வேலை பார்த்தேன். ஆத்துல வெள்ளம், போக முடியல. ஒரு வருஷத்துல என்ன பெருசா மாறிடப்போகுதுன்னு நெனச்சு..."

"நேத்தே நீ சொல்லுவேன்னு பார்த்தேன்," என்றார் அவர்.

அட்ரியானா கையெழுத்தைத் தள்ளிப்போட வைத்தார். யுஸ்தினா வேலையை விட்டாள். அந்த வாரமே ஆற்றைக் கடந்து மலையேறி, நான்காம் பள்ளியின் ஆசிரியர் யோஹானிஸிடம் நடந்ததைச் சொன்னாள்.

அவர் கையிலிருந்த சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தார்.

"அறிக்கையைப் படிச்சிட்டு, எனக்குத்தான் சொல்லித்தரத் தெரியலைன்னு நெனச்சேன்மா," என்றார். "போன வருஷமே தாய்மொழிப் பாடத்தை நிறுத்திட்டேன்."