பந்து எழும்பாத மூன்று இடங்கள்

கதவைத் திறந்ததும் மாரிட் சோல்பெர்க்கின் கண்ணில் முதலில் பட்டது ஒரு ஜோடி காலுறை. ஜோடி என்றுகூடச் சொல்ல முடியாது... ஒன்று பச்சை, ஒன்று சாம்பல்.

அந்தக் கால்களுக்குச் சொந்தக்காரன் கூடைப்பந்துத் தரையில் குப்புறப் படுத்து, காதை மரப்பலகையோடு ஒட்டி வைத்து, விரல் முட்டியால் டொக்... டொக்... என்று தட்டிக்கொண்டிருந்தான். வெளியே அக்டோபர் மழை. உள்ளே பாதி விளக்குதான் எரிந்தது. பயிற்சிக்குப் பையன்கள் வர இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது.

அவன் தட்டிய இடத்தைப் பார்த்ததும் அவள் கதவை அவசரமாகச் சாத்தினாள். அது அவளுடைய ரகசியம்!

எல்டர் கிரீக், அமெரிக்கச் சோளக்காட்டுக்கு நடுவே இருக்கும் ஒரு சின்னக் கல்லூரி. அதன் ஆண்கள் கூடைப்பந்து அணி போன வருடம் ஆடிய இருபத்தைந்து ஆட்டத்தில் ஜெயித்தது நாலே நாலு. ஆகஸ்டில் துணைக் கோச்சாக வந்த மாரிட்டிடம் தலைமைக் கோச் ஹாகன் தடுப்பாட்டத்தை மொத்தமாகத் தூக்கிக் கொடுத்துவிட்டு, "ஏதாவது பண்ணும்மா... கிறிஸ்துமஸ் வரைக்கும் பாக்கலாம்" என்றார். 'பாக்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா? பையன்கள் அணிக்குப் பொம்பளைக் கோச்சா என்று ஊர் ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

அவளும் ஏதாவது பண்ணினாள். அந்தப் பழைய மேப்பிள் மரத் தரையில் மூன்று இடங்களில் பந்து எழும்பாது என்று மூன்று வாரம் பந்து தட்டித் தட்டிக் கண்டுபிடித்தாள். அடியில் கட்டை உளுத்திருக்க வேண்டும். பையன்கள் அவற்றுக்குச் 'செத்த இடம்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். எதிரணிக்காரனை நைசாக அங்கே ஒதுக்கிக்கொண்டு போனால், அவன் தட்டிய பந்து முட்டிவரைகூட வராது. அள்ளிக்கொண்டு ஓட வேண்டியதுதான்! அவளுடைய திட்டம் முழுக்க இந்த மூன்று இடத்தில்தான் இருந்தது. கதவுக் கண்ணாடிக்கெல்லாம் பழுப்புக் காகிதம் ஒட்டி வைத்திருந்தது அதற்காகத்தான்.

இப்போது காகிதத்துக்கு இந்தப் பக்கம் ஒருத்தன் படுத்துக் கிடக்கிறான்.

"ஹலோ! யாருங்க நீங்க?"

அவன் தலையைத் தூக்கவில்லை. ஒரு விரலை மட்டும் உயர்த்தினான். "ஒரு நிமிஷம்... சத்தம் போடாதீங்க. கேட்டுக்கிட்டிருக்கேன்."

"என்னது... தரை பேசுதா?"

"பேசுது. உங்களைவிட மெதுவா."

பிறகு எழுந்து உட்கார்ந்து அவளைப் பார்த்தான். அந்தக் கண்கள்... மழை விட்டதும் வானத்தில் மேகமும் வெளிச்சமும் கலந்து நிற்குமே, அந்த நிறம். திருட வந்தவனுக்கு இப்படி ஒரு கண் எதற்கு என்று மாரிட்டுக்கு எரிச்சலாக வந்தது.

"எமெட். தரை வேலை பாக்குறவன். அடுத்த கோடைல இதைச் சரி பண்ணணுமாம். பாத்து அறிக்கை எழுதிக் குடுக்கச் சொன்னாங்க."

"யாரு சொன்னா? எனக்கு யாரும் சொல்லலையே."

"உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் தரை உளுத்துப் போகணுமா?"

அவள் தரையில் கிடந்த அவனுடைய நோட்டைச் சட்டென்று எடுத்துப் பிரித்தாள். முழுத் தரையின் படம். அதில் மூன்று சிவப்பு வட்டம். மூன்றும் அச்சு அசலாக அதே இடத்தில்! அவள் மூன்று வாரம் பட்ட பாடு இவனுக்கு ஒரு காலை வேலை.

நோட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு விளையாட்டுத் துறை அலுவலகத்துக்குப் போன் போட்டாள்.

"ஆமாம்மா, நாங்கதான் வரச் சொன்னோம்" என்றாள் அங்கே இருந்தவள். "எமெட் ராஸ்க். நல்ல வேலைக்காரர்."

ராஸ்க்!

நாற்பது மைல் தள்ளி இருக்கும் பர்ச் ஃபோர்க் கல்லூரி எல்டர் கிரீக்குக்குப் பரம வைரி. வருகிற சனிக்கிழமை இதே அரங்கில் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி ஆட்டம் ஆட வரப்போகிற அணியும் அதுதான். அதன் கோச் பெயர் டோர்வால்ட் ராஸ்க்.

"டோர்வால்ட் ராஸ்க் உங்களுக்கு யாரு?"

முதல் தடவையாக அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. "அப்பா."

"ஓஹோ..."

"நாங்க பேசி நாலு வருஷம் ஆச்சு."

"வேவு பாக்க வர்றவன் எல்லாரும் இப்படித்தான் சொல்லுவான்."

"எத்தனை பேரைப் பாத்திருக்கீங்க?"

"நானே வேவு பாக்குறவதான்! எதிரணி ஆட்டத்தைப் போய்ப் பாத்து எழுதிட்டு வர்றதுதான் என் உத்தியோகம்."

"அப்ப நம்ம ரெண்டு பேரும் ஒரே தொழில்னு சொல்றீங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்து உள்ளேயே அடக்கிக்கொண்டு, நோட்டை அவன் கையில் திணித்தாள். பிடுங்கி வைத்து என்ன புண்ணியம்? அவன் மண்டைக்குள் இருப்பதைப் பிடுங்க முடியுமா?

மறுநாளும் வந்தான். வரும்போது இரண்டு காபி. ஒன்றை அவள் மேஜையில் வைத்துவிட்டுப் போனான். எதற்குக் காபி? என்ன காரியம் ஆக வேண்டும் இவனுக்கு? ஆறும்வரை அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஆறிய பிறகு குடித்தாள். சர்க்கரை சரியாக இருந்தது. அதுவே சந்தேகத்தைக் கிளப்பியது... இவனுக்கு எப்படித் தெரியும்?

அவனைக் கண்காணிக்க வேண்டும் என்று மாடி இருக்கையில் போய் உட்கார்ந்தாள். பலகையில் உள்ளங்கையை வைத்து அவன் தடவுவதைப் பார்த்தாள். ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்து, பாதியில் மறந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பதைக் கேட்டாள். இதெல்லாம் வேவுக் குறிப்பில் எழுதுகிற விஷயமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

"கோச்..." அணித் தலைவன் கார்வர் பக்கத்தில் வந்து நின்றான். "அந்த ஆளை வேவு பாக்குறீங்களா... இல்ல சும்மாவே பாக்குறீங்களா?"

"போய் பத்து ரவுண்டு ஓடு."

"உண்மையைச் சொன்னா பத்து ரவுண்டா!" என்று அவன் சிரித்துக்கொண்டே ஓடினான்.

கன்னம் சுட்டது. இது சரிப்படாது, இந்த எமெட் யார் என்று தெரிந்தே ஆக வேண்டும் என்று அன்றைக்கே ஒரு பொறி யோசித்தாள்.

வியாழக்கிழமை கேன்டீனில் சில்லி என்கிற கறிக் குழம்பும் இனிப்பான பட்டை ரோலும் போடுகிற நாள். தட்டை எடுத்துக்கொண்டு நேராக அவன் எதிரே போய் உட்கார்ந்தாள்.

"என்ன, இன்னைக்குப் பக்கத்துல இருந்தே கண்காணிப்பா?" என்றான் எமெட்.

"மாடியில இருந்து பாத்தா கழுத்து வலிக்குது." ரோலைப் பிய்த்துக்கொண்டே, போகிற போக்கில் சொல்வது போலச் சொன்னாள். "நீங்க மூணு வட்டம் போட்டீங்கல்ல... இருக்கறதுலயே மோசமான இடத்தை விட்டுட்டீங்க. இடது மூலை, வந்தவங்க பெஞ்ச் பக்கம். அங்க மாட்டினா அவ்வளவுதான். எங்க பசங்க மடக்கறதே அங்கதான்."

சுத்தப் பொய். இடது மூலையில் ஒரு குறையும் இல்லை. சனிக்கிழமை பர்ச் ஃபோர்க் பையன்கள் அந்த மூலைக்கு வராமல் ஒதுங்கினால், சொன்னது இவன்தான். வேறு யாருக்கும் இந்தப் பொய் தெரியாது.

அவன் கரண்டி பாதியில் நின்றது. ஒரு கணம் அவளை உற்றுப் பார்த்தான்.

"அப்படியா..." என்று மட்டும் சொன்னான்.

அந்தக் கண்ணில் என்னமோ வாடியது மாதிரி இருந்தது. சில்லி காரமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை. கூட்டம் இல்லை, ஸ்கோர் பலகை எரியவில்லை. வாசல் சாத்தியிருந்தது. எதிர் பெஞ்சில் டோர்வால்ட் ராஸ்க் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உயரமான மனிதர். அதே கண்கள், சிரிப்பு மட்டும் இல்லை.

மாரிட்டின் பார்வை இடது மூலையை விட்டு நகரவில்லை. ஐந்து நிமிடம்... ஒருத்தனும் அங்கே வரவில்லை. பத்து நிமிடம்... வரவில்லை. பந்து வலது பக்கமாகவே போனது. வலது பக்கம் அவளுடைய பையன்கள் என்னவோ கத்திக் குதித்தார்கள், ஹாகன்கூட எழுந்து நின்று கை தட்டினார். அவள் திரும்பவே இல்லை. இருபது நிமிடம் முடிந்தபோது இடது மூலையில் ஒரு காலடிகூடப் பட்டிருக்கவில்லை.

சொல்லிட்டான்... அத்தனையும் சொல்லிட்டான்.

திட்டம் போச்சு, கிறிஸ்துமஸோடு வேலையும் போச்சு. ஆனால் வலித்தது அதற்காக இல்லை என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. அவன் இல்லை, அவனாக இருக்கக் கூடாது என்று மூன்று நாளாக உள்ளுக்குள் வேண்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். மடச்சி!

ஆட்டம் முடிந்ததும் வண்டிகள் நிற்கும் இடத்துக்கு ஓடினாள். மழை கொட்டியது. அறிக்கையைக் கொடுத்துவிட்டுத் தன் வேனின் பின்கதவைச் சாத்திக்கொண்டிருந்தான் எமெட். இருபதடி தள்ளி பர்ச் ஃபோர்க் பஸ். அதன் படியில் டோர்வால்ட் ராஸ்க் மகனையே பார்த்தபடி நின்றார். இரண்டு பேரும் ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை. இதையெல்லாம் கவனிக்கிற நிலையில் மாரிட் இல்லை.

"ரொம்ப நல்லா இருக்குங்க! காபி வாங்கிக் குடுத்து, சிரிச்சுச் சிரிச்சுப் பேசி... எங்க செத்த இடம் மூணையும் அப்பாகிட்ட போட்டுக் குடுத்துட்டீங்கல்ல?"

எமெட்டின் முகம் மாறியது. "மாரிட்... வேணாம். பேசாதீங்க."

"ஏன் பேசக் கூடாது? வலது பக்கம் ரெண்டு, நடுவட்டத்துக்கிட்ட ஒண்ணு... பந்து எழும்பாத இடம் இதுன்னு படத்தையே குடுத்தீங்களா? இல்ல வாயால சொன்னது போதும்னு விட்டுட்டீங்களா?"

"மாரிட்!"

பஸ் படியிலிருந்து பெரியவர் இறங்கி வந்தார். மழையில் நனைந்துகொண்டே நிதானமாகக் கேட்டார்.

"எந்த மூணு இடம்?"

அவள் ஒரு அடி பின்வாங்கினாள்.

"என் பசங்க இன்னைக்குப் பதினோரு தடவை பந்தைக் கோட்டை விட்டானுங்க. வலது பக்கமாத்தான், அத்தனையும். கையில எண்ணெயைத் தடவிட்டு வந்தீங்களாடான்னு திட்டித் தீத்துட்டேன். அப்ப... தரையா?"

"அப்ப இடது மூலை...?" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "அங்க ஏன் உங்க ஆளுங்க வரவே இல்ல?"

"முப்பது வருஷமா என் அணி வலது பக்கம்தாம்மா ஆடுது. எங்க வீடியோ எதுவும் பாக்கறது இல்லையா நீங்க?"

பார்த்திருந்தாள். மூன்று வீடியோ. 'எல்லாம் வலது பக்கம்' என்று அவளே எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தாள். இவன்மேல் சந்தேகம் வந்த நாளிலிருந்து அந்தக் குறிப்பைத் திறக்கக்கூட இல்லை. யாருக்கும் தெரியாத ரகசியத்தை, யாரும் கேட்காமலே, எதிரணிக் கோச்சின் முகத்துக்கு நேராகக் கத்திச் சொல்லியாயிற்று. அங்கேயே தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

பெரியவர் மகன் பக்கம் திரும்பினார். "உனக்கு இது தெரிஞ்சிருக்கு. ஒரு போன் பண்ணியிருக்கலாம்."

"பண்ண மாட்டேன்பா."

"தெரியும்." முகத்தில் வழிந்த மழையைத் துடைத்துக்கொண்டார். "அடுத்த மாசம் நன்றி நாள் விருந்துக்கு வீட்டுக்கு வா. அம்மா கேட்டுக்கிட்டே இருக்கா."

"பாக்குறேன்."

"பாக்குறேன் இல்ல... வா" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

எமெட் பக்கம் திரும்பிப் பார்க்க மாரிட்டுக்குத் தைரியம் வரவில்லை. நேராக உள்ளே போய், சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டிருந்த ஹாகன் முன்னால் நின்றாள்.

"கோச்... செத்த இடத்தைப் பத்தி ராஸ்க்கிட்ட நானே உளறிட்டேன்."

"அவரு கேட்டாரா?"

"இல்ல."

ஹாகன் விதைத் தோலைத் துப்பினார். "மறைச்சிருந்தா இன்னைக்கே அனுப்பியிருப்பேன். திங்கக்கிழமை புதுத் திட்டத்தோட வா. தரையை நம்பாம, பசங்க காலை நம்பி ஒரு திட்டம்."

"கிறிஸ்துமஸ்...?"

"அது சொன்னது சொன்னதுதான்" என்று விதையை வாயில் போட்டுக்கொண்டார்.

வெளியே வந்தபோது வேன் போயிருக்கும் என்றுதான் நினைத்தாள். போகவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் கண்ணாடியை இறக்கினான்.

"நான் சொன்ன நாலாவது இடம் பொய்னு... உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தரைக்காரன்கிட்டயே தரையைப் பத்திப் பொய்யா? அன்னைக்குச் சாப்பிட்ட கையோட போய்த் தட்டிப் பாத்தேன். கல்லு மாதிரி இருந்துச்சு. எனக்கு வச்ச பொறின்னு புரிஞ்சுபோச்சு."

"அப்பவே ஏன் கேக்கல?"

"நான் சொன்னா நம்பியிருப்பீங்களா?"

மாட்டாள். மழை நெற்றியில் வழிந்தது.

"ரொம்பக் கோவமா இருந்துச்சு" என்றான் மெதுவாக. "எங்க அப்பா என்னை நம்பலைன்னுதான் வீட்டை விட்டே வந்தேன். நீங்களுமான்னு ஆயிடுச்சு. ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன்... அவரு ஆட்டத்தைப் பத்தி எங்கிட்ட எப்பவும் கேக்காதீங்க. உங்களுது அங்க போகாது, அவரோடது இங்க வராது."

"கேக்க மாட்டேன்." இதைவிடப் பெரிய சத்தியம் இவன் என்ன செய்துவிட முடியும்? "எமெட்... நான் ஒண்ணு சொல்லணும். சிரிக்கக் கூடாது."

"சிரிக்கல."

"நீங்க தரையிலேர்ந்து எழுந்து உக்காந்து என்னைப் பாத்தீங்களே... அப்பவே உங்களைப் பிடிச்சுப்போச்சு. பிடிச்சவங்க எது சொன்னாலும் நம்பிடுவேனோன்னு பயம். அதான்... நீங்க சொல்ற ஒண்ணைக்கூட நம்பக் கூடாதுன்னு பிடிவாதமா இருந்தேன். மன்னிச்சிடுங்க. உங்களைச் சந்தேகப்படலை நான்... என்னைத்தான்."

அவன் சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அந்த அறிக்கை எழுத அரை நாள் போதும். மூணு நாள் வந்தேன்."

"எதுக்கு?"

"பாத்தியா... மறுபடியும் விசாரணை!"

"சொல்லுங்க... எதுக்கு?"

"உனக்காகத்தான்."

நிஜமா, சத்தியமா, வேறு காரணம் இல்லையா... கேள்விகள் பழக்க தோஷத்தில் நாக்கு நுனிவரை வந்துவிட்டன. ஒன்றைக்கூட அவள் கேட்கவில்லை. வேனைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், கதவைத் திறந்து, ஈரத்தோடு அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.