பாட்டுக்காரர் வீட்டுப் பெட்டி

போகியன்று செவ்வாயின் நான்காம் குகையில் வீடு வீடாக எடை போடுவார்கள். எதையும் எரிப்பதில்லை. எரிக்கக் காற்றுக்கு எங்கே போவது? வேலை செய்யும் பொருள் வீட்டில் இருக்கும். செய்யாதது உலைக்குப் போய், தை முடிவதற்குள் குழாயாகத் திரும்பி வரும். போன ஆண்டு ஒருவர் தன் பழைய செயற்கைக் காலை எடைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் புதுக் காலால் நடந்து போனார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

முதல் குடியேறிகள் கொண்டுவந்த பொருள்களுக்கு மட்டும் நூறு ஆண்டு விலக்கு இருந்தது. இந்தப் போகியோடு அது முடிந்தது. அதனால்தான் காற்றுக்குழாய்களைப் பழுது பார்க்கும் கோதை, பொதுக்கிடங்கிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்துவந்து விடிந்ததும் மேசைமேல் வைத்தாள். உள்ளே ஓர் இசைச்சுழலி. கூடவே ஒரே ஓர் இசைத்தட்டு.

அவளுடைய கொள்ளுத்தாத்தா தணிகாசலம் கொண்டுவந்தது. ஆளுக்கு ஐந்து கிலோ என்று அளந்து ஏற்றிய கப்பலில் மற்றவர்கள் விதையும் மருந்தும் கம்பளியும் கொண்டுவந்தார்கள். அவர் இதைக் கொண்டுவந்தார். பாட்டில்லாமல் ஒரு பொழுதும் தாங்காத மனிதர் என்று ஊர் சொன்னது. அன்றிலிருந்து அவர்கள் பாட்டுக்காரர் வீட்டார். அந்தப் பேரைக் கேட்டுத்தான் சிற்றரசு கோதையைப் பெண் பார்க்கவே வந்தான். ஆனால் பெட்டி பாடி, உயிரோடிருப்பவர் யாரும் கேட்டதில்லை. எப்போதோ கெட்டுப்போயிற்று என்றே எல்லாரும் நம்பினார்கள்.

மூன்று மணிக்கு எடைக்காரர் இடும்பன் வருவார். அதற்குள் பாடாவிட்டால் உலை. பேரும் அதோடு கரையும்.

மூடி மங்கிக் கிடந்தது. கோதை நகத்தால் ஓரத்தைச் சுரண்டினாள். மங்கல் உரிந்து வந்தது. புதுப் பொருளில் கீறல் விழாமலிருக்க ஒட்டும் மெல்லிய பிளாஸ்டிக் தாள். அடியில் மூடி தண்ணீர்போல் தெளிந்திருந்தது.

"உரிக்க மறந்துட்டாரு போல," என்றான் அவள் கணவன் சிற்றரசு.

கோதை சுழல்தட்டைத் தூக்கினாள். அடியில் ரப்பர் பெல்ட், காகிதப் பட்டையால் கட்டியபடியே. பட்டையை உருவியதும் பெல்ட் அப்பளமாக நொறுங்கியது. மோட்டார் உருளையை உருப்பெருக்கியில் பார்த்தாள். ரப்பர் உரசிய தடம் இல்லை. ஊசிமேல் போட்ட சின்னத் தொப்பியைக்கூட யாரும் கழற்றியிருக்கவில்லை.

"இது கெடவே இல்லங்க. ஒரு தடவகூட ஓடல."

சிற்றரசு பெட்டியைத் தட்டிப் பார்த்தான். "அப்ப நான் பாட்டுக்காரர் வீட்ல பொண்ணெடுக்கல. பெட்டிக்காரர் வீட்ல எடுத்திருக்கேன்."

கோதைக்குச் சிரிப்பு வரவில்லை. "எந்த நாளுக்காக இந்த மனுசன் வெச்சிருந்தாரு?"

பழைய விண்ணுடைக் கையுறையின் மணிக்கட்டு வளையத்தை அறுத்துப் பெல்ட் ஆக்கினாள். உறைந்த எண்ணெயைத் துடைத்துப் புதிதாக விட்டாள். ஊசிக்கை பூமியின் ஈர்ப்புக்காகச் செய்தது. இங்கே ஊசி அழுந்தாமல் வழுக்கியது. அதன் தலையில் ஒரு நட்டை ஒட்டினாள். ஒலிபெருக்கி இல்லை. அவர் கொண்டுவரவே இல்லை. ஏன் என்று இப்போது புரிந்தது: உடனே போடும் எண்ணமே அவருக்கு இருக்கவில்லை.

இடும்பன் வந்தபோது தெருவே பின்னால் வந்தது. தராசில் வைத்துப் பார்த்து, "நாலு கிலோ எழுநூறு," என்றார். "ஓடுதாம்மா?"

"செவிச்சில்ல அணைச்சிருங்கண்ணே. எல்லாருந்தான்."

தயங்கினார்கள். குகையில் பாட்டு என்பது அவரவர் தலைக்குள் சில்லு பாடுவது. ஒருவர் கேட்பது பக்கத்திலிருப்பவருக்குக் கேட்காது. ஒவ்வொருவராகக் காதோரம் தொட்டு அணைத்தார்கள். சுவருக்குள் காற்றுப் பம்பின் உறுமல் மட்டும் மிஞ்சியது.

தட்டு சுழன்றது. கோதை ஊசியை இறக்கினாள். ஊசியிலிருந்தே மெல்லிய கரகரப்பு எழுந்தது. பதினோரு தலைகள் குனிந்தன.

முதலில் வந்தது பாட்டு அல்ல. ஒரு பெண் மூச்சை இழுத்தாள்.

கோதை இன்னும் குனிந்தாள். அவள் பழுது பார்க்கும் குழாய்கள் வழியாகத்தான் இந்தத் தெரு மூச்சு விடுகிறது, அளந்த அளவு. இந்தப் பெண் இழுத்தது எந்தக் குழாயிலும் வராத காற்று. கூரையில்லாத உலகத்தின் காற்று. யாரையும் கேட்காமல், நெஞ்சு நிறைய இழுத்தாள், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு. பிறகு அந்த மூச்சு முழுவதும் குரலாயிற்று.

பக்கத்திலிருப்பவர் கேட்பதையே தானும் கேட்கிறோம் என்பது மெல்ல உறைத்தது; ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாட்டு முடிந்த பின்னும் ஊசி வெறும் வரியில் ஓடிக்கொண்டிருந்தது.

"ஓடுது," என்றார் இடும்பன். இனிப் பத்து ஆண்டுக்குச் சோதனை இல்லை என்று குறித்துக்கொண்டார். பிறகு, "இன்னொரு தடவ போடும்மா," என்றார்.

கோதையும் அதற்காகத்தான் கை நீட்டினாள். ஊசி முனையில் கருப்பாக ஒரு துகள். தட்டிலிருந்து சுரண்டி வந்தது. அந்த மூச்சிலிருந்து வந்ததோ என்னவோ.

"தேஞ்சிரும்ணே."

அது எல்லாருக்கும் உடனே புரிந்தது. தலையாட்டினார்கள். கோதை ஊசிக்குத் தொப்பி மாட்டினாள். பெல்ட்டைக் கழற்றிக் காகிதப் பட்டையால் கட்டினாள். காலையில் உரித்த தாளை மூடிமேல் திரும்ப ஒட்டி, குமிழ் நிற்காமல் கட்டைவிரலால் நீவினாள்.

"நாளைக்குத்தான் பொங்கலாச்சே. போடலாமா?" என்றான் சிற்றரசு.

"என்ன அவசரம்?" என்றாள் கோதை. "ஒரு நல்ல நாளாப் பாத்துப் போடலாம்."