ஒரு கேம்பேட்... இரண்டு கட்டைவிரல்கள்

"கையை எடுங்க!"

"நீங்க எடுங்க..."

ஒரே ஒரு அட்டைப்பெட்டி. இந்த முனையில் இளவேனிலின் விரல்கள். அந்த முனையில் மழையில் நனைந்த இன்னொரு கை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிய அவளுடைய கோபம் முழங்கை தாண்டி, தோள் தாண்டி, இரண்டு கண்களுக்கு வந்து சேர்ந்ததும் அப்படியே நின்றுவிட்டது.

ஈரம் சொட்டும் இமைகள். அவற்றுக்குக் கீழே, ஒரு சிரிப்பை எங்கோ ஒளித்து வைத்திருக்கும் கண்கள்...

'சே! சண்டை போடுற நேரத்துல கண்ணைப் பத்தி என்ன ஆராய்ச்சி!' என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

"நான்தான் முதல்ல பார்த்தேன்" என்றாள்.

"நான் முதல்ல தொட்டேங்க."

"தொட்டா உங்களுதா? அப்ப மெயின் பஜார் முழுக்கத் தொட்டுக்கிட்டே போங்க... உங்க பேருக்கே பட்டா போட்டுக் குடுத்துடுவாங்க!"

கடைக்காரர் ராயப்பன் ஒரு செல்போனின் வயிற்றைப் பிரித்து வைத்திருந்தார். ஸ்க்ரூ டிரைவரைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வந்தார்.

"அட்டைய கிழிச்சுடாதீங்கப்பா! அந்த மாடல்ல விக்கிறதுக்கு அது ஒண்ணுதான் இருக்கு. மேசை மேல மூணு மாடல் கேம்பேடும் சாம்பிளுக்குப் பிரிச்சு வெச்சிருக்கேன், அது விக்கிறதுக்கில்ல. பிடிச்சுப் பார்த்துட்டு அப்புறமா அடிச்சுக்குங்க."

நெய்வேலியில் 2012 நவம்பர் மழை அன்று கடைத்தெருவையே துடைத்துப் போட்டிருந்தது. ஆகவே வேடிக்கை பார்க்கவும் கூட்டமில்லை. இருவரும் மேசைக்குப் போனார்கள்.

முதல் பேட் வயர்லெஸ். தொட்டாலே நீலமும் சிவப்புமாய் விளக்கு எரிந்தது.

"கல்யாண வீட்டு வாசல்ல கட்டலாம்" என்று அதை ஒதுக்கினாள் இளவேனில். சண்டை கேமில் கண் இமைக்கிற நேரம்கூட அதிகம். அடி விழும் அந்த நொடியில் பேட்டரி படுத்தால் அவ்வளவுதான்.

இரண்டாவது, கன்சோலோடு வரும் சாதா பேட். முன்பக்கம் நாலு பட்டன்தான். குத்து மூன்று, உதை மூன்று என்று ஆறு வகை அடி இருக்கிற கேமுக்கு, மீதி இரண்டையும் பின்னால் இருக்கிற சோம்பேறி பட்டன்களில் தேட வேண்டும். அதைவிட மோசம் இடது பக்கத் திசை பட்டன். நாலு துண்டாக இருக்கும். கட்டைவிரலைக் கீழிருந்து முன்னால் கால்வட்டமாக உருட்டினால்தான் தீப்பந்து பறக்கும். துண்டு பட்டனில் நடுவே ஒரு சின்னத் தடங்கல் வந்தாலும் தீப்பந்துக்குப் பதிலாக நம் ஆள் அசட்டுத்தனமாக ஒரு குதி குதிப்பான். எதிராளி அந்தரத்திலேயே அறைவான்.

மூன்றாவது... அதுதான்! வயர் வைத்தது. திசைக்கு ஒரே வட்டத் தட்டு. முகத்தில் ஆறு பட்டன். கையில் இருப்பதே தெரியாத எடை. அந்த அட்டைப்பெட்டிக்குள் இருப்பதும் இதேதான்.

அவள் இப்படி யோசித்துக்கொண்டிருக்க, பக்கத்தில் நின்றவன் செய்த காரியம்தான் விசித்திரம். ஒவ்வொரு பேடையும் காதோரம் வைத்து, கண்களை மூடிக்கொண்டு, ஒவ்வொரு பட்டனாக அழுத்தினான். டிக்... டிக்... டொக்...

"என்னங்க இது, புது ஜோசியமா? கண்ணை மூடினா என்ன தெரியுது?"

"எல்லாந்தாங்க தெரியுது." கண்ணைத் திறக்காமலே பதில் வந்தது. "இந்த மூணாவதுதான் ஒழுங்கா பேசுது. இதத்தான் எடுத்துகினு போவப் போறேன்."

"கனவுல!"

அவளுக்கு அது வெறும் பொம்மை இல்லை. பி.இ. முடித்த கையோடு பெங்களூரில் ஒரு வீடியோ கேம் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. புது கேம்களை ஆடிப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கும் வேலை. நிலக்கரிச் சுரங்கத்தில் ஃபோர்மேனாக இருக்கும் அப்பா கலியமூர்த்தி ஆர்டரைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "வெளையாடுறதுக்குச் சம்பளமா? யாரும்மா உன்னை ஏமாத்துறாங்க?" என்றார். அழுது அடம்பிடித்ததில் ஒரே ஒரு வழி கிடைத்தது. "ஞாயித்துக்கிழமை கிளப்ல கேம் போட்டி இருக்குல்ல? அதுல ஜெயிச்சுக் காட்டு, பெங்களூரு போ. இல்லேன்னா திங்கக்கிழமை பேங்க் கோச்சிங் கிளாஸ்!"

போட்டிக்கு அவரவர் சொந்த பேட் கொண்டுவர வேண்டும். அன்று புதன்கிழமை.

"ரெண்டு பேரும் ஆடிப் பார்த்துடுங்களேன்" என்று கடை டி.வி.யைப் போட்டார் ராயப்பன். "ஜெயிக்கிறவங்களுக்கு பேட்."

முதல் ரவுண்டில் ஆறு பட்டன் அவளிடம். சடை பின்னிய வீராங்கனையை எடுத்து அவனை மண்ணைக் கவ்வ வைத்தாள். அடுத்த ரவுண்டில் அது அவனிடம். ஒரு மொட்டைத்தலைக்காரனை வைத்து அவளைச் சுவரோடு சுவராக ஒட்டவிட்டான். ஒன்றுக்கு ஒன்று!

"மூணாவது ரவுண்டு" என்று கை நீட்டினாள் இளவேனில்.

அவன் அந்தக் கையையே பார்த்தான். இடது கட்டைவிரல் நுனியில் சிவந்து பழுத்திருந்த கொப்புளத்தை. சாதா பேடில் உருட்டி உருட்டி வந்தது.

"வலிக்குதுங்களா?"

இத்தனை நாளில் யாரும் கேட்காத கேள்வி.

"நீங்களே எடுத்துக்குங்க. என் கட்டைவிரல் காய்ச்சுப் போயி மரமாட்டம் ஆயிடுச்சு. எதுலயும் ஓட்டிப்பேன்."

மழைக்குள் இறங்கிப் போய்விட்டான். பேர்கூடச் சொல்லாமல்...

பேட் கிடைத்துவிட்டது. சந்தோஷம் மட்டும் கிடைக்கவில்லை.

மறுநாள் காலை அவளுடைய குவார்ட்டர்ஸ் வாசலில், தெருவிளக்குக் கம்பத்தில் சாய்த்திருந்த ஏணியின் உச்சியில் அவனே நின்றான். இடுப்பில் டூல்ஸ் பை. கான்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன். பையில் 'அன்புச்செல்வன்' என்று மார்க்கரில் எழுதியிருந்தது.

"ஏங்க அன்புச்செல்வன்! இறங்கி வந்து பேசுங்க. கழுத்து வலிக்குது."

"டவுன்ஷிப்காரங்கள மேல இருந்து பாக்குறது எப்பவோ ஒரு தடவதாங்க கெடைக்குது. அனுபவிச்சுக்கறேனே!"

சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள். "கடையில ஏன் கண்ணை மூடிக்கிட்டு அழுத்தினீங்க?"

அவன் ஒரு பல்பைத் திருகிக்கொண்டே சொன்னான். அவன் ஊர், சுரங்கத்தை ஒட்டிய வளையமாதேவி கிராமம். இந்த வருஷம் அங்கே கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய கன்சோல் பெரும்பாலும் சும்மாதான் கிடக்கும். "ஞாயித்துக்கிழமை போட்டிக்கு நானும் பேர் குடுத்திருக்கேங்க. கரண்ட் இல்லன்னு ப்ராக்டிஸ விட முடியுங்களா? இருட்டுல பேட மட்டும் வெச்சிகினு உக்காந்துடுவேன். எந்த அடிக்கு எந்த சத்தம், எவ்ளோ நேரம்னு மனசுல ஓட்டிகினே அழுத்துவேன். பட்டன் சத்தம் சுத்தமா இருந்தாத்தான் கணக்கு தப்பாது."

இளவேனில் திரும்பித் தன் வீட்டைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிய ஞாபகம் அவளுக்கு இல்லை. தமிழ்நாடே இருட்டில் கிடந்தாலும் சுரங்க நிறுவனத்தின் இந்த நகரியத்தில் ஃபேன் நிற்காது.

"எங்க வீட்டுக்கு வந்து ப்ராக்டிஸ் பண்ணுங்களேன். இங்கதான் கரண்டே போகாதே! பாவம் நீங்க, இருட்டுல..."

அந்த 'பாவம்' வேலையைக் கெடுத்தது. அவன் மளமளவென்று இறங்கினான். கண்ணில் ஒளிந்திருந்த சிரிப்பைக் காணோம்.

"எங்க நெலத்துல எடுக்குற கரியிலதாங்க உங்க வூட்டு ஃபேன் சுத்துது. அந்தக் கரண்டுக்காவ உங்க வாசப்படி ஏறி நிக்க மாட்டேன். பாவம் கீவம்லாம் வேணாம்... ஞாயித்துக்கிழமை கிளப்ல பாப்போம்."

"நல்லதுக்குச் சொன்னா இவ்வளவு திமிரா? வாங்க, பார்த்துக்கறேன்!" என்று வீட்டுக்குள் போய்க் கதவை அறைந்து சாத்தினாள்.

'பாவம்னு ஏன்டி சொன்னே...' என்று மனசு குத்தியது. அன்று டி.வி.யை அணைத்துவிட்டு பேடோடு உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள். ஒன்றும் புரியவில்லை! இத்தனை நாளும் திரையைப் பார்த்துப் பார்த்துத் தட்டியிருக்கிறாளே தவிர, தன் விரல் என்ன செய்கிறது என்பதே அவளுக்குத் தெரியாது. மறுபடி மூடினாள். மறுபடி...

"டி.வி.யை அணைச்சுட்டு எதைடி ஆடுறே?" காபியோடு வந்த அம்மா காந்திமதி திகைத்துப் போனாள். "போட்டி டென்ஷன்ல மூளை கீளை..."

"ஷ்... அம்மா! இப்பதான் ஒருத்தன் உதைக்க வர்றான்."

ஞாயிற்றுக்கிழமை கிளப் ஹால் நிரம்பி வழிந்தது. நகரியத்துக்கு வெளியே இருப்பவர்களையும் முதல்முறையாகச் சேர்த்திருந்தார்கள். சுவர் முழுக்க புரொஜெக்டர் படம். இளவேனில் ஒவ்வொருவராகச் சாய்த்துக்கொண்டே வந்தாள். அந்தப் பக்கம் அன்புச்செல்வனும் அதையே செய்துகொண்டிருந்தான். ஃபைனலுக்கு இருவர்தான் மிச்சம்... வேறு யார்?

ஆனால் அரை இறுதியின் கடைசி உதையில் அவனுடைய பழைய பேட் உயிரை விட்டிருந்தது. தட்டினான், ஊதினான்... ம்ஹூம்.

கிளப் செயலாளர் பழனிவேல் கழுத்து விசிலைத் தடவியபடி மைக்கைப் பிடித்தார். "சொந்த பேட் இல்லேன்னா வாக்ஓவர். ரூல் அப்படி. கிளப் பேட்ல ஆடணும்னா எதிராளி சம்மதிக்கணும்."

ஹாலே அவளைப் பார்த்தது. முதல் வரிசையில், ஷிஃப்ட் முடித்து யூனிஃபார்மோடு வந்திருந்த அப்பாவும் பார்த்தார். ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தால் போதும். ஜெயித்தாகிவிட்டது. பெங்களூரு!

அன்புச்செல்வன் அவளைப் பார்க்கவில்லை. பேடைச் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தான்.

"சம்மதம் சார்" என்றாள் இளவேனில். தன் ஆறு பட்டன் பேடைக் கன்சோலிலிருந்து பிடுங்கி மேசையில் வைத்தாள். "நானும் கிளப்போட சாதா பேட்லயே ஆடுறேன்."

அப்பா நாற்காலியில் நிமிர்ந்தார்.

அவன் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் கேட்டான். "எரக்கமாங்க?"

"இரக்கமும் இல்ல, பாவமும் இல்ல. அன்னிக்கு நான் சொன்னது தப்பு. ராயப்பன் அண்ணன் கடையில ஒண்ணுக்கு ஒண்ணுல நிறுத்திட்டு ஓடினீங்கல்ல? மூணாவது ரவுண்டு பாக்கி இருக்கு. உக்காருங்க!"

ஒளிந்திருந்த சிரிப்பு வெளியே வந்தது. 'அப்பாடி... வந்துடுச்சு!'

முதல் ரவுண்டு அவனுக்கு. துண்டு பட்டன் அவள் தீப்பந்தைக் குதியாக்கிக் காலை வாரியது. இரண்டாவது ரவுண்டில் பல்லைக் கடித்தாள், கொப்புளம் தெறிக்க உருட்டினாள்... அவளுக்கு!

மூன்றாவது. இருவர் உயிர்க்கோடும் மயிரிழைதான். இன்னும் ஒரே அடி. யார் முந்துகிறார்களோ...

பட்!

புரொஜெக்டர் பல்பு போனது. சுவர் வெறும் சுவரானது. ஹால் "ஓ..." என்று அலறியது. ஆட்டத்தை நிறுத்த, பழனிவேல் இருட்டில் கழுத்து விசிலைத் துழாவினார். ஆனால் கன்சோல் நிற்கவில்லை. ஸ்பீக்கரில் சத்தம் ஓடிக்கொண்டே இருந்தது.

இளவேனில் கண்களை மூடிக்கொண்டாள். பக்கத்தில் அவனும் மூடியிருப்பான் என்று பார்க்காமலே தெரிந்தது. கூட்டத்தின் கூச்சல் எங்கோ தூரத்துக்குப் போனது. இதோ... மொட்டைத்தலைக்காரனின் உறுமல். குதித்துவிட்டான். ஒரு மூச்சு... இரண்டு... இப்போது தலைக்கு மேலே! பின்னால் அழுத்தினாள். 'டங்' என்று அடி தடுக்கப்பட்ட ஓசை. கீழிருந்து முன்னால், துண்டு பட்டனின் தடங்கலையும் தாண்டி ஒரே வழவழப்பாக உருண்டது கட்டைவிரல். குத்து!

ஸ்பீக்கரில் ஒரு ஆணின் அலறல். பிறகு மணியோசை.

விசில் அப்போதுதான் ஒலித்தது. யாரோ பக்கத்து டி.வி.யில் வயரை மாற்றிச் செருகினார்கள். படம் வந்தது. மொட்டைத்தலை தரையில் கிடக்க, சடைக்காரி கை தூக்கி நின்றுகொண்டிருந்தாள்!

"விசிலுக்கு முன்னாடியே முடிஞ்சு போச்சு" என்று எல்லோருக்கும் முன்னால் எழுந்து சொன்னவன் அன்புச்செல்வன். "அவங்க ஜெயிச்சுட்டாங்க சார்!"

ஹால் இடிந்து விழுகிற மாதிரி கைதட்டல். கலியமூர்த்தி மேடைக்கே ஏறி வந்து மகளின் கையைப் பிடித்துத் தூக்கினார். கொப்புளம் கிழிந்திருந்த கட்டைவிரலைப் பார்த்ததும் அதைத் தன் உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டார். "இது வேலைதாம்மா... வேலையேதான். பெங்களூருக்கு டிக்கெட் போட்டுடறேன்."

பிறகு அன்புச்செல்வன் பக்கம் திரும்பினார். "தம்பி, நல்லா ஆடினப்பா. ஒரு நாள் வீட்டுக்கு வா. எனக்கும் இதைச் சொல்லிக் குடு."

அவன் தலையாட்டினானா இல்லையா என்று தெரியவில்லை.

போர்ட்டிகோவில் மழைக்கு ஒதுங்கி நின்றவனிடம், கோப்பையையும் பேடையும் இடுக்கிக்கொண்டு ஓடி வந்தாள் இளவேனில்.

"கண்ண மூடிகினு ஆட எங்கங்க கத்துக்கினீங்க?"

"வளையமாதேவியில ஒருத்தர்... ரொம்பத் திமிர் புடிச்சவர்."

மழை சிரித்தது. அவனும் சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை.

"அன்னிக்கு கடையில ஒண்ணு கேட்டீங்க... கண்ண மூடினா என்ன தெரியுதுன்னு." வார்த்தைகள் அவனிடம் தடுக்கி விழுந்தன. "அதுவரைக்கும் பேட்டுதாங்க தெரிஞ்சுது. புதன்கிழமையிலேர்ந்து... நீங்கதான் தெரியுறீங்க. தொறந்தாலும் அப்பிடியேதான் இருக்கு. தப்பா நெனச்சிக்காதீங்க. மனசுல வெச்சிகினு சும்மா இருக்க முடியல..."

இளவேனில் அந்த ஆறு பட்டன் பேடை அவன் கையில் வைத்து, விரல்களை மூடினாள். தன் கையை எடுக்கவில்லை. அவனும் எடுக்கச் சொல்லவில்லை.

"இது உங்ககிட்ட இருக்கட்டும். பொங்கலுக்கு வருவேன்... வந்து உங்களையே தோக்கடிப்பேன். எனக்கு மட்டும் என்னவாம்? நீங்க கண்ணை மூடிட்டு நின்னப்பவே நான் விழுந்தாச்சு." வெட்கம் கன்னத்தைச் சுட்டது. "எங்க அப்பா கூப்பிட்டாரே... வீட்டுக்கு வருவீங்களா? கரண்டுக்காக இல்ல. எனக்காக..."

அவன் கண்கள் முழுக்க அந்தச் சிரிப்பு.

"உங்களுக்காவன்னா, மெயின் சுவிட்ச அணைச்சு வெச்சிருந்தாக்கூட வருவேங்க!"