கிழக்குப் பொழியில் ஒரு மானி

கெங்கையா தன் புஞ்சையின் எல்லையான கிழக்குப் பொழியில் ஈரவழிமானியைக் குத்தி நிறுத்தினார். திரையில் அம்புக்குறி பக்கத்துப் புஞ்சையைக் காட்டியது. அவருடைய மண்ணின் ஈரம் சீனித்தாயின் மண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"பாத்தியா நாகு, களவு கண்ணுல தெரியுது."

மனைவி நாகலட்சுமி திரையைப் பார்க்கவில்லை. "அவ கொடத்தக் கொண்டாந்து மோந்துட்டுப் போறாளாக்கும்."

அந்தக் கரிசல் காட்டில் யாரும் உழுது பதினோரு வருடங்கள் ஆகியிருந்தன. மண்ணுக்கடியில் வேர்வலை பரவியிருந்தது. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த பூஞ்சை இழை அது. ஈரமான இடத்திலிருந்து காய்ந்த இடத்துக்கு நீரைக் கடத்தும். கலப்பை பட்டால் அறுந்துவிடும். மறுபடி ஒன்றுசேர மூன்று வருடம் வேண்டும். அதனால் அறுப்பு முடிந்ததும் அடித்தாளை அப்படியே விட்டார்கள்; அது மண்ணை மூடி ஈரத்தைக் காத்தது. அதன் ஊடே குத்துவிதைப்பான் கோதுமையை ஊன்றியது. டிராக்டர் வாடகை இல்லை, டீசல் இல்லை, களைக்கூலி பாதி. மழை பொய்த்த வருடத்திலும் இரண்டு ஏக்கர்க்காரன் செலவுபோக மிச்சம் பார்த்தான்.

மானி இந்த வருடம்தான் சந்தைக்கு வந்தது. மழையும் இந்த வருடம் ஐப்பசியோடு நின்றது. இப்போது கதிர் பால் பிடிக்கும் நேரம். போன வெள்ளாமையைப் புழு தின்றது. இதுவும் வீடு வராவிட்டால் புஞ்சையைக் காற்றாலைக்காரருக்கு எழுதிக் கொடுப்பதைத் தவிர கெங்கையாவுக்கு வழியில்லை.

மறுநாள் ஒற்றைக் கொழுக் கலப்பையோடு டிராக்டர் வந்தது. சத்தம் கேட்டுச் சீனித்தாய் ஓடிவந்தாள்.

"அண்ணாச்சி, பொழிய ஒட்டிக் கலப்பை எதுக்கு?"

"என் புஞ்சை. உழுறேன்."

"வலை அந்துபோகும்லா."

"அந்துபோகத்தான். பதினோரு வருசத்துல ஒரு தாள எரிச்சிருப்பேனா? ஒம் புஞ்சையில மாடு தின்ன மிச்சந்தான கெடக்கு. நான் சேத்த ஈரம் தாயி இது."

"சேத்தீகளா? மழையும் நீங்கதான் பேஞ்சீகளோ?"

டிராக்டர் ஓட்டுகிறவன் சிரித்துவிட்டான். கெங்கையா கையசைத்தார். கொழு இறங்கியது. வெள்ளை இழைகள் அதில் நூல் நூலாகச் சுற்றிக்கொண்டு வந்தன.

அம்புக்குறி அன்றே மறைந்தது. அடுத்த வாரம் கெங்கையாவின் கோதுமை நிமிர்ந்து நின்றது. சீனித்தாய் வாடிப்போன தன்னுடையதைக் கதிர் முற்றுவதற்குள் அறுத்து மாட்டுக்குப் போட்டாள். டீக்கடையில் கெங்கையாவுக்கு இடம் ஒதுக்கி உட்கார வைத்தார்கள். மானி என்ன விலை, எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். அவர் சலிக்காமல் சொன்னார்.

ஒரு காலையில் மேற்கே டிராக்டர் சத்தம் கேட்டது. கெங்கையா போய்ப் பார்த்தார். மேற்குப் புஞ்சைக்காரன் எத்திராஜ் கையில் புது மானியோடு பொழியில் நின்றான்.

"வாங்க மாமா. என் ஈரம் பூரா உங்க பக்கம்ல ஓடுது. நீங்க சீனித்தாயக்கா பக்கம் விட்டதப்போல ரெண்டு மடங்கு!"

கெங்கையா மேற்குப் பொழியில் மானியைக் குத்தியதே இல்லை. போவதைத்தான் அவர் அளந்தார். எத்திராஜின் புஞ்சை கண்மாயை ஒட்டியது. கண்மாய் மேலே வெடித்துக் கிடந்தாலும் அடிமண் ஈரம். வலை அதை எடுத்து ஒவ்வொரு புஞ்சையாகக் கடத்திக்கொண்டு வந்திருக்கிறது.

"அறுப்பு முடியட்டும்டா எத்திராசு."

"சீனித்தாயக்காவும் இப்படித்தான மாமா நின்னுச்சு."

"மானி சமயத்துல தப்பாக் காட்டும்யா."

"நீங்க சொல்லித்தான வாங்குனேன்."

கலப்பை கெங்கையாவைத் தாண்டிப் போனது.

வடக்கும் தெற்கும் அந்த வாரமே உழுதன. தை பிறப்பதற்குள் ஊரில் பொழி ஓரம் உழவுச்சால் விழாத புஞ்சை இல்லை.

அறுப்புக்கு முந்தின நாள் கெங்கையா நான்கு பக்கமும் மானியைக் குத்திப் பார்த்தார். எங்கும் அம்புக்குறி இல்லை. நாகலட்சுமி ஒரு கதிரைக் கிள்ளி உள்ளங்கையில் கசக்கி ஊதினாள். உமி பறந்தது; கையில் ஒரு மணியும் மிஞ்சவில்லை.

"ஒரு சொட்டு வெளிய போகல" என்றார் கெங்கையா.