மருமகன் சுலக்சன்

"...அமரர் விநாயகமூர்த்தி அவர்களின் பாசமிகு மகள் நிலாணி, அன்பு மருமகன் சுலக்சன்..."

காரில் போகும்போது வானொலியில் அப்பாவின் மரண அறிவித்தலைக் கேட்ட நிலாணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. மருமகனா? கலியாணமே ஆகாதவளுக்குப் புருஷன் எங்கிருந்து முளைத்தான்?

பக்கத்தில் அம்மா புனிதவதி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "அந்த மனுசன் கடைசிவரைக்கும் ஒரு மருமோனைக் காணாமலே கண்ணை மூடினவர்... இப்ப ஊருக்கே பொய் சொல்லிப்போட்டாங்கள்!"

அம்மாவை வீட்டில் இறக்கிவிட்டு, அஜின்கோர்ட்டில் இருந்த அந்த வானொலி நிலையத்துக்குள் மழையில் நனைந்தபடியே நுழைந்தாள் நிலாணி. கணினிக்கு முன்னால், காதில் ஹெட்போனோடு ஒருத்தன். றொய்சன் என்று வாசலில் சொன்னார்கள்.

"என்ரை புருஷனை எங்கை பிடிச்சனீங்கள்?"

அவன் திரும்பினான். களைத்துப்போன, ஆனால் பொய் தெரியாத கண்கள்... அப்பா செத்துக் கிடக்க, இவன் கண்ணை ஏன் பார்த்தேன் என்று அவளுக்குத் தன்மீதே எரிச்சல் வந்தது.

"பழைய அறிவித்தல் ஒண்டை எடுத்து, பேருகளை மட்டும் வெட்டி ஒட்டினனான், அக்கா... மருமகன் துண்டை அழிக்க மறந்துபோனன். என்ரை பிழைதான்."

"அக்காவோ? பிழைக்கு மேலை பிழை!"

திரையில் அலையலையாய்க் கிடந்த குரலில் ஒரு துண்டைத் தேடிப் பிடித்து அழித்தான். போய்விட்டான் சுலக்சன். அப்பாவின் ஆசையையே அழித்த மாதிரி இருந்தது அவளுக்கு. அங்கேயே உடைந்து அழுதாள். அவன் எழும்பி, அவள் உட்காரத் தன் கதிரையைத் தள்ளிவிட்டான்.

பிறகு அவள்தான் தேடிப் போனாள்... ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா அனுப்பிய குரல் பதிவுகளோடு. மெஷின் இரைச்சலுக்குள் அவர் சொன்னது ஒன்றுமே விளங்கவில்லை. றொய்சன் பின்னேரங்களில் குந்தியிருந்து இரைச்சலைக் கொஞ்சம் கொஞ்சமாய் நீக்கினான். ஒருநாள் ஹெட்போனை அவளிடம் நீட்டினான்.

"பிள்ளை... மழை பெய்யுது, பாத்து ஓட்டு."

அப்பா! அவள் அழ, அவனும் அழுதான். இப்படி ஒருத்தனை எப்படிப் பிடிக்காமல் போகும்?

அம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை. "சேர்ச்சுக்குப் போற வேதக்காரப் பெடியனோ? கொப்பர் இருந்தா இதுக்கு ஓமெண்டிருப்பாரோ?"

செத்தவரிடம் எப்படிக் கேட்கிறது? நிலாணி வாயை மூடிக்கொண்டாள். றொய்சனும் மனதில் இருந்ததை மனதிலேயே வைத்துக்கொண்டான்.

அப்பாவின் ஆண்டு நினைவஞ்சலி வந்தது. கலையகத்தில் நிலாணி... ஃபோன் ஸ்பீக்கரில் அம்மா, பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மகள் நிலாணி. அவ்வளவுதான். வேறை ஒருத்தரும் இல்லை."

றொய்சன் மைக்குக்கு முன்னால் வாசிக்கத் தொடங்கினான். "பாசமிகு மகள் நிலாணி..." அதோடு குரல் நின்றுவிட்டது. தலை நிமிரவில்லை.

வேறை ஒருத்தரும் இல்லையாம். நிலாணி எழுந்து அவனருகே போனாள். இன்றைக்கு விட்டால் இனி வாயே வராது.

"அன்பு மருமகன் எண்டதையும் வாசியுங்கோ."

"ஆர்... சுலக்சனோ?"

"றொய்சன்! விசரோ உங்களுக்கு? எனக்கு நீங்கள்தான் வேணும்... அம்மா, கேக்குதோ? எனக்கு இவர்தான் வேணும்!"

றொய்சன் இப்போதுதான் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். ஃபோனில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"கேக்குது," என்றாள் அம்மா. "இந்தமுறையாவது பேரை மாறிப் போடாம இருக்கச் சொல்லு."