கண்ணாடித் தோட்டமும் பச்சைத் துணியும்

செவ்வாயின் ஏழாம் குடியிருப்பில் பிள்ளை பெற விரும்புகிறவர்கள், முதலில் ஒரு கண்ணாடித் தோட்டத்தை நாற்பது நாள் உயிரோடு வைத்துக் காட்ட வேண்டும். இளவழுதிக்கும் நப்பின்னைக்கும் அன்று நாற்பதாம் நாள்.

தோட்டத்துக்கான கண்ணாடிப் பெட்டியை விதிப்படிதான் இளவழுதி அமைத்திருந்தான். அடியில் நான்கு விரல் உயரத்துக்குக் கூழாங்கல். மண் கீழே இறங்காதிருக்க அதன்மேல் வலை. வாடையை உறிஞ்சக் கரித்தூள். அதற்கும் மேலே மண்ணும் ஒரு பெரணிச் செடியும். மிஞ்சிய நீர் கற்களுக்கிடையே வடிந்து தேங்கும். அதை வாரம் ஒருமுறை குழாய் விட்டு வெளியேற்றுவது தந்தையாகப் போகிறவனின் வேலை, மனைவி தொடக்கூடாது.

அங்கேதான் அவனுக்குக் குமட்டியது. கழிவு கண்ணில் படுமுன்னரே இயந்திரக் கரங்கள் அதை அகற்றிவிடும் ஊரில் வளர்ந்தவன் அவன். பத்தாம் நாள், பழுப்பு நீர் கொழகொழத்து நின்றது. நூல்போன்ற வெண்புழுக்கள் அதில் நெளிந்தன. மூடியைத் திறந்ததும் அழுகல் வாடை தொண்டைவரை இறங்கியது. காலையில் உண்டது மேலே வந்தது. வாயைத் துடைத்துக்கொண்டவன், நீரை வெளியேற்றாமலே பெட்டியின் அடிப்பகுதியைச் சுற்றிப் பச்சைத் துணியொன்றை ஒட்டினான். பார்வைக்கு அழகாகவே இருந்தது.

“நாளைக்குப் பிள்ளை துணியை நனைத்தால், அதன்மேல் இன்னொரு துணியைப் போர்த்திவிடுவீர்களோ?” என்றாள் நப்பின்னை.

“இலை பச்சையாகத்தானே இருக்கிறது?”

“மிஞ்சியது இரண்டே இலை.”

நாற்பதாம் நாள் தணிக்கை இயந்திரம் வந்தது. மோப்பக் குழலை ஒருமுறை நீட்டியது, துணியை உரித்தது. சாக்கடை நீர் வலையையும் கரியையும் கடந்து மண்ணுக்குள் ஏறியிருந்தது. செடியைத் தூக்கியபோது வேர் கறுத்த சளியாய் ஒழுகியது. இளவழுதி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“பிள்ளைக்கு அனுமதி இல்லை,” என்றது இயந்திரம். “துணியால் மறைக்கும் முறையை எங்கே கற்றீர்கள்?”

“யாரிடமும் கற்கவில்லை. எனக்கே தோன்றியது.”

“பூமியின் பழைய ஆவணங்களில் இருக்கிறது. நகருக்குப் பெரியவர்கள் வரும் நாளில், சாக்கடையோரக் குடிசைகள் தெரியாதபடி சாலை நெடுகப் பச்சைத் துணி கட்டுவார்களாம்.”

நப்பின்னை மூக்கைப் பொத்தியிருந்த கையை எடுத்தாள். “துணிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் என்ன செய்தார்கள்?”

இயந்திரம் சிறிது நேரம் தேடியது.

“குறிப்பில்லை, அம்மா. எழுதி வைத்தவர்கள் எல்லாரும் இந்தப் பக்கம் நின்றவர்கள்.”